பாரிஷ்: நம்மிடம் ஏற்கெனவே இருக்கும் கோயிற்பற்று

லண்டன் ஈஸ்ட் ஹாமில் குடியிருக்கும் ஒரு யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை தவறாமல் முருகன் கோயிலுக்குப் போகிறவர்கள். தேவாலய வாசலை ஒருநாளும் மிதிக்காதவர்கள். ஆனாலும் அவர்கள் இங்கிலாந்துத் திருச்சபையின் ஏதோ ஒரு பாரிஷுக்கு, அதாவது ஒரு தேவாலயக் குருவின் பொறுப்பிலுள்ள எல்லைக்கு, உட்பட்டவர்கள். அந்தப் பாரிஷின் தேவாலயத்துக்கு ஆண்டுதோறும் இரண்டு சர்ச்வார்டன்களை, அதாவது தேவாலயப் பொறுப்பாளர்களை, தெரிந்தெடுக்கும் கூட்டத்தில் கை தூக்க அவர்களுக்குச் சட்டப்படி உரிமை உண்டு. அந்த எல்லைக்குள் குடியிருந்து வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போதும். அவர்கள் வீட்டுப் பெண் அந்தத் தேவாலயத்தில் கல்யாணம் செய்துகொள்ள விரும்பினால், ஞானஸ்நானம் பெற்றிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் கிடையாது.

இப்போது பாரிஷ் என்பதைத் தமிழில் ‘சபை’ என்று எழுதிப் பாருங்கள். அந்தக் குடும்பம் எந்தச் சபையிலும் சேர்ந்ததில்லை. பாரிஷில் குடியிருப்பவரைக் குறிக்கும் ‘பாரிஷனர்’ என்பதைச் ‘சபை அங்கத்தினர்’ என்று மொழிபெயர்த்தால் அவர்களுக்குச் சட்டம் கொடுத்த உரிமையே வாக்கியத்திலிருந்து காணாமல் போய்விடுகிறது. இங்கிலாந்தைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் இந்த இடத்தில் அடிக்கடி சறுக்குகிறார்கள். அதற்காகத்தான் இந்தச் சொல்லை வேரிலிருந்து பார்க்க வேண்டியிருக்கிறது.

வேர் கிரேக்க மொழியில். ‘ஒய்கோஸ்’ என்றால் வீடு, ‘பாரா’ என்றால் அருகில். இரண்டும் சேர்ந்த ‘பாரொய்கோஸ்’, ஓர் ஊரில் குடியுரிமை இல்லாமல் அண்டித் தங்கியிருப்பவனைக் குறித்தது. அப்படித் தங்கியிருக்கும் நிலை ‘பாரொய்கியா’. பேதுருவின் முதல் நிருபத்தில் 1:17இல் இதே சொல் வருகிறது. பழைய தமிழ் வேதாகமம் அதை ‘இங்கே பரதேசிகளாய்ச் சஞ்சரிக்குமளவும்’ என்று அழகாகச் சொல்கிறது. ஆதிக் கிறிஸ்தவர்கள் தங்களைப் பற்றிப் பேசியதே அப்படித்தான். ரோமாபுரிச் சபை கொரிந்துச் சபைக்கு எழுதிய முதல் நூற்றாண்டுக் கடிதம், ரோமில் பரதேசியாய்த் தங்கியிருக்கும் சபை கொரிந்தில் பரதேசியாய்த் தங்கியிருக்கும் சபைக்கு எழுதுவது என்றே தொடங்குகிறது.

லத்தீனுக்குப் போய் ‘பரோக்கியா’ ஆனபோது அது முதலில் ஒரு பேராயரின் ஆளுகைப் பரப்பு முழுவதையும் குறித்தது. பிறகுதான் ஒரு குருவின் பொறுப்பில் இருக்கும் சிறு எல்லைக்குச் சுருங்கியது. பிரெஞ்சில் ‘பரோய்ஸ்’ என்று திரிந்து, அங்கிருந்து ஆங்கிலத்துக்குள் வந்தது.

தமிழில் ‘பரதேசி’ பட்ட பாட்டை இதோடு வைத்துப் பார்க்கலாம். வேற்று நாட்டான் என்ற பொருளில் இருந்த சொல் பிச்சைக்காரனுக்கு ஆகி, கடைசியில் வசவாகவே ஆகிவிட்டது. அதே பொருளில் பிறந்த பாரிஷோ, இங்கிலாந்தில் ‘சொந்த ஊர்’ என்பதற்கு மிக நெருக்கமான சொல்லாக வளர்ந்தது. ஒரே கருத்து இரண்டு மொழிகளில் எதிரெதிர் திசையில் நடந்திருக்கிறது.

அந்த வளர்ச்சிக்குக் காரணம் தானியம். இடைக்கால இங்கிலாந்தில் விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு தேவாலயத்துக்குப் போக வேண்டும். இந்த வயலின் தசமபாகம் எந்தத் தேவாலயத்துக்கு என்ற கேள்வி எழுந்ததும், ஓடை எது, வேலி எது, எந்த ஓக் மரம் வரை என்று எல்லை வகுக்க வேண்டியதாயிற்று. வரைபடம் இல்லாத காலத்தில் அந்த எல்லையை ஊரார் காலால் நினைவில் வைத்தார்கள். கிறிஸ்து பரமேறிய திருநாளையொட்டிய நாட்களில் குருவும் ஊராரும் சிறுவர்களும் கையில் வில்லோ மரக் குச்சிகளோடு எல்லையைச் சுற்றி நடந்து, எல்லைக்கல்லை எல்லாம் குச்சியால் தட்டிக்கொண்டே போவார்கள். சிறுவர்களைக் கூட்டிப் போனதற்கு ஒரு காரணம் உண்டு. ஐம்பது ஆண்டு கழித்து வழக்கு வந்தால் சாட்சி சொல்ல அவர்கள்தான் உயிரோடு இருப்பார்கள். சில ஊர்களில் இந்த எல்லை நடை இன்றும் நடக்கிறது.

எல்லை உறுதியானதும் அரசும் அதைப் பிடித்துக்கொண்டது. 1538இல் தாமஸ் குரோம்வெல் ஒவ்வொரு பாரிஷும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும் என்று கட்டளையிட்டார். 1559இன் சட்டம் ஞாயிறு ஆராதனைக்கு வராதவருக்குப் பன்னிரண்டு பென்ஸ் அபராதம் விதித்தது. 1601இன் ஏழைகள் சட்டம், தன் எல்லைக்குள் இருக்கும் ஏழைகளைப் பராமரிக்கும் பொறுப்பையும் அதற்கான வரியையும் பாரிஷின் தலையிலேயே வைத்தது. இது கருணையான ஏற்பாடாகத் தோன்றும். ஆனால் 1662இன் குடியிருப்புச் சட்டம் வந்தபின், புதிதாக வந்து குடியேறியவர் நாளைக்கு நமக்குச் சுமையாகிவிடுவார் என்று தோன்றினால், நாற்பது நாளுக்குள் முறையிட்டு அவரை அவருடைய பழைய பாரிஷுக்கே திருப்பி அனுப்ப முடிந்தது. கல்யாணமாகாத கர்ப்பிணிகளைப் பிரசவத்துக்கு முன் எல்லை தாண்டிக் கொண்டுபோய் விட்ட செய்திகள் அந்தக் காலத்துக் கணக்குகளில் இருக்கின்றன. பிள்ளை எங்கே பிறக்கிறதோ அந்தப் பாரிஷ்தானே செலவை ஏற்க வேண்டும்! அண்டி வந்தவனைக் குறிக்கப் பிறந்த சொல், அண்டி வந்தவளைத் துரத்தும் வேலிக்குப் பெயரானதை நினைத்தால் மனம் கனக்கிறது.

அதே எல்லைக்குள் வேறு மாதிரியும் வாழ்ந்திருக்கிறார்கள். டார்பிஷையரில் ஈம் என்று ஒரு கிராமம். 1665இல் லண்டனிலிருந்து தையற்காரர் வீட்டுக்கு வந்த துணிப்பொதியோடு கொள்ளைநோயும் வந்தது. அடுத்த கோடையில் நோய் முற்றியபோது பாரிஷின் குரு வில்லியம் மோம்பெசன், அவருக்கு முன் அங்கே குருவாக இருந்து பதவி இழந்த தாமஸ் ஸ்டான்லியின் துணையோடு ஊராரிடம் பேசினார். யாரும் ஊரை விட்டு ஓடுவதில்லை, நோயை அக்கம்பக்கத்துக்குக் கொண்டுபோவதில்லை என்று ஊரே ஒப்புக்கொண்டது. தேவாலயத்தைப் பூட்டிவிட்டு ஒரு பள்ளத்தாக்கில் வெட்டவெளியில், குடும்பம் குடும்பமாக விலகி நின்று ஆராதித்தார்கள். வெளியூரார் உணவைக் கொண்டுவந்து எல்லையில் வைத்துவிட்டுப் போனார்கள். எல்லைக்கல்லில் குடைந்த குழிகளில் காடியை ஊற்றி அதற்குள் காசைப் போட்டார்கள் ஈம் மக்கள். கூட்டமாகக் கல்லறைக்குப் போகவும் முடியாததால், செத்தவர்களை அவரவர் வீட்டாரே தோட்டத்திலோ வயலிலோ புதைத்தார்கள். மோம்பெசனின் மனைவி கேத்தரின் 1666 ஆகஸ்டில் இறந்தார். நோய் ஓய்ந்தபோது ஏறத்தாழ 260 பேர் போயிருந்தார்கள். ஆகஸ்டின் கடைசி ஞாயிறன்று அந்தப் பள்ளத்தாக்கில் இப்போதும் நினைவு ஆராதனை நடக்கிறது. பாரிஷ் என்ற சொல்லுக்கு என்ன கனம் என்று கேட்பவருக்கு நான் ஈமைத்தான் காட்டுவேன்.

1834க்குப் பிறகு ஏழைகளின் பராமரிப்பு பாரிஷின் கையை விட்டுப் போனது. 1894இன் உள்ளாட்சிச் சட்டம் நாட்டுப்புறத்து ஆட்சிப் பொறுப்புகளைத் தேவாலயத்திலிருந்து பிரித்துத் தனியாகப் ‘பாரிஷ் கவுன்சில்’ என்று அமைத்தது. ஆகவே இன்று இங்கிலாந்துச் செய்தியில் பாரிஷ் கவுன்சில் என்று வந்தால் அது ஊராட்சி மன்றம். சாமியார் யாரும் அதில் சம்பந்தப்படவில்லை. தேவாலய நிர்வாகத்தைக் கவனிப்பது ‘பாரோக்கியல் சர்ச் கவுன்சில்’ என்ற வேறொரு குழு. இந்த இரண்டையும் குழப்பாதிருந்தாலே பாதி மொழிபெயர்ப்புச் சரியாகிவிடும். அமெரிக்காவின் லூசியானாவில் பாரிஷ் என்பது மாவட்டம் போன்ற பிரிவு. அது வேறு கதை.

திருச்சபையின் பாரிஷுகள் இன்று பன்னிரண்டாயிரத்துக்கு மேல். அங்கே நடப்பவற்றில் பல, திருநெல்வேலிக் கிறிஸ்தவர்களுக்குச் சொல்லாமலே புரியும். கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பெயர் வாசிக்கிறார்கள். நம் ஊரில் அதற்கு ‘ஓலை வாசித்தல்’ என்று பெயர். கார்ன்வாலில் மோர்வென்ஸ்டோ பாரிஷின் குரு ராபர்ட் ஹாக்கர் 1843இல் நடத்திய அறுப்பின் ஆராதனையிலிருந்து பரவிய பண்டிகை, நம் ஊர்களில் பூசணிக்காயும் வாழைத்தாரும் நெல்லுமாகப் படைத்து ஏலம் விடும் அறுப்பின் பண்டிகைக்கும் உறவு. மேரி சம்னர் 1876இல் ஹாம்ப்ஷையரின் ஓல்ட் ஆல்ரெஸ்ஃபோர்டில் தன் கணவரின் பாரிஷில் தாய்மாரைக் கூட்டித் தொடங்கிய சங்கம் உலகமெங்கும் கிளை விட்டிருக்கிறது. பாரிஷ் இதழ் என்ற வழக்கத்தை 1859இல் டார்பியில் எர்ஸ்கின் கிளார்க் தொடங்கிவைத்தார். யாருக்குப் பிள்ளை பிறந்தது, எந்த நாளில் மணி அடிப்போருக்குப் பயிற்சி, பழைய சாமான் விற்பனை எப்போது என்பதெல்லாம் அதில் வரும். வார நாளில் காலைக் காப்பிக்குக் கதவு திறந்திருக்கும். தனியாக இருக்கும் கிழவர்கள் அதற்காகவே நடந்து வருவார்கள். இப்போது பல தேவாலயக் கூடங்களில் உணவு வங்கியும் நடக்கிறது. வாங்க வருகிறவரிடம் எந்த மதம் என்று கேட்பதில்லை. எல்லைக்குள் இருக்கிறவர் எல்லாரும் நம்முடைய பொறுப்பு என்ற பழைய எண்ணம் அந்தக் கூடத்தில் இன்னும் உயிரோடு இருக்கிறது.

இனி, தமிழில் என்ன சொல்வது? கத்தோலிக்கர் ‘பங்கு’ என்கிறார்கள். பங்குத்தந்தை, பங்குப் பேரவை என்று நன்றாகப் புழங்கும் சொல். மறைமாவட்டத்தைப் பல பகுதிகளாகப் பிரிக்க வேண்டும் என்று அவர்களுடைய திருச்சபைச் சட்டம் சொல்கிறது. அந்தப் பகுதிக்குப் பங்கு என்பது பொருத்தமே. கத்தோலிக்கப் பாரிஷைப் பற்றி எழுதும்போது வேறு சொல் தேட வேண்டியதில்லை.

திருநெல்வேலித் தென்னிந்தியத் திருச்சபையில் ‘சேகரம்’. சர்ச் மிஷனரி சங்கமும் எஸ்.பி.ஜி. என்ற இன்னொரு மிஷனரி சங்கமும் கொண்டுவந்த ஆங்கிலிக்கன் மரபில், அதாவது இங்கிலாந்துத் திருச்சபையின் மரபில், வளர்ந்த மண் அது. ஆனாலும் அவர்கள் பாரிஷை அப்படியே இறக்குமதி செய்யவில்லை, செய்யவும் முடியாது. அங்கே ஊர் முழுவதும் திருச்சபைக்கு உட்பட்டதல்ல. ஊருக்கு ஒரு சபை, அதற்கு ஒரு உபதேசியார், மணி அடிக்க ஒரு கோவில்பிள்ளை. இப்படிப் பல ஊர்ச் சபைகளைச் சேர்த்து ஒரு ஐயரின், அதாவது குருவின், பொறுப்பில் விட்டால் அது சேகரம். சேர்ப்பதால் சேகரம். என்ன பொருத்தமான சொல்! ஆடு வெட்டிப் பெரிய அண்டாக்களில் ஆக்கி ஊரே உண்ணும் அசனப் பண்டிகையைப் பார்த்தவர்களுக்குச் சேகரம் என்பதன் பொருளை விளக்க வேண்டியதே இல்லை. ஆனால் அது மனிதர்களின் தொகுப்புக்குப் பெயர். இங்கிலாந்தின் பாரிஷ் முதலில் நிலம்.

பழைய கத்தோலிக்க வழக்கில் ‘விசாரணை’ என்றும் சொன்னார்கள். விசாரணைக் குரு என்று எழுதினார்கள். போலீஸ் விசாரணை வந்து அந்தச் சொல்லை வாரிக்கொண்டுபோய்விட்டது. எனக்கு அதில் வருத்தம் உண்டு. சுகம் விசாரிப்பது என்கிறோமே, அந்த விசாரிப்பு அது. புதிய குருவிடம் பாரிஷை ஒப்படைக்கும்போது இங்கிலாந்துப் பேராயர், இந்த ஆத்துமாக்களின் பராமரிப்பை ஏற்றுக்கொள்ளும், இது உமக்கும் எனக்கும் உரியது என்ற பொருளில் சொல்வார். ‘ஆத்தும விசாரணை’ என்று மொழிபெயர்த்தால் அந்த வாக்கியம் தமிழிலேயே பிறந்ததுபோல் இருக்கும். குருவின் பொறுப்பைச் சொல்ல இதைக் காப்பாற்றி வைக்கலாம், நிலத்துக்கு ஆகாது.

நிலத்துக்கு யாழ்ப்பாணத்தில் ஒரு சொல் இருக்கிறது: கோயிற்பற்று. மட்டக்களப்பில் கோறளைப்பற்று, மண்முனைப்பற்று என்று ஆட்சிப் பிரிவுகளுக்குப் பெயர் இருப்பது தெரிந்ததுதான். அதே பற்று. போர்த்துக்கேயருக்குப் பின் 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர் காலத்தில் தெல்லிப்பழை, மல்லாகம், பண்டத்தரிப்பு, வட்டுக்கோட்டை என்று ஒவ்வொரு தேவாலயத்தையும் மையமாகக் கொண்ட எல்லை கோயிற்பற்று எனப்பட்டது. காணித் தோம்பு என்ற நிலப் பதிவேடு அந்தப் பிரிவின்படி எழுதப்பட்டது. ஞானஸ்நானமும் கல்யாணமும் பள்ளித் தோம்பில் ஏறின. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாதவர்களிடம் தண்டமும் வாங்கினார்கள். தேவாலயம், நிலம், பதிவேடு, கட்டாயம் எல்லாம் ஒரே எல்லைக்குள். பெயருக்குக் கிறிஸ்தவர், மனத்தில் சைவர் என்று அந்த எல்லைக்குள் எத்தனையோ பேர் வாழ்ந்தார்கள். குரோம்வெல் காலத்திலிருந்து இங்கிலாந்துப் பாரிஷ் எப்படி இருந்ததோ, நல்லதும் கெட்டதுமாக, கிட்டத்தட்ட அப்படியே. அதனால்தான் இங்கிலாந்துத் திருச்சபையின் பாரிஷுக்குக் கோயிற்பற்று என்பதே சரியான தமிழ் என்று உறுதியாகச் சொல்கிறேன். புதிதாக ஒன்றை ஆக்க வேண்டியதில்லை. இருப்பதை எடுத்துத் தூசி தட்டினால் போதும்.

பயன்படுத்தும்போது இரண்டு எச்சரிக்கை. பாரிஷ் குருவைக் குறிக்கும் ‘விகார்’ என்பதை அப்படியே ஒலிபெயர்த்தால் நமக்கு விகாரம் நினைவுக்கு வரும். மூலத்தில் அது ஒருவருக்குப் பதிலாக நிற்பவர் என்று பொருள்படும் லத்தீன் சொல். கோயிற்பற்றுக் குரு என்று எழுதிவிடலாம். பாரிஷனரைச் சுருக்கமாகப் ‘பற்றார்’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். பழந்தமிழில் பற்றார் என்றால் பகைவர். கோயிற்பற்று மக்கள் என்றோ, இன்னும் நெருக்கமாகக் கோயிற்பற்று ஊரார் என்றோ சொல்லலாம். அப்படிச் சொன்னால் ஈஸ்ட் ஹாமின் அந்தச் சைவக் குடும்பமும் அதற்குள் வந்துவிடுகிறது.