கால் தசையை அளக்கும் கருவியும் அதைத் தாங்கும் கையும்

விளையாட்டு வீரர்களின் கால் தசை வலுவை, உள்ளங்கையில் அடங்கும் டைனமோமீட்டரைக் கொண்டே இன்று அளந்துவிட முடிகிறது. அழுத்தும்போது கருவிக்குள் இருக்கும் உலோகத் துண்டு நுண்ணிய அளவில் வளைய, அதில் ஒட்டியுள்ள உணரியின் மின்தடை மாறி, விசை நியூட்டன் கணக்கில் திரையில் தெரிகிறது. கருவியை மட்டும் சோதிப்பது எளிது: 10 கிலோ எடையை அதன்மேல் வைத்தால் சுமார் 98 நியூட்டன் காட்ட வேண்டும். வீரரின் காலில் வைத்த பிறகுதான் உண்மையான சோதனை தொடங்குகிறது.

வீரர் முழங்கால் 90 பாகை மடங்கியிருக்க மேசை விளிம்பில் அமர்கிறார். பரிசோதகர் கணுக்காலுக்குச் சற்று மேலே, முன்பக்கத்தில் கருவியை வைத்துத் தாங்கிப் பிடிக்க, வீரர் 3 முதல் 5 நொடி வரை முழு பலத்தோடு காலை நீட்ட முயல்கிறார். தசை மூட்டில் உண்டாக்குவது திருப்பு விசை என்பதால், கருவி வைக்கும் இடம் மிக முக்கியம். மூட்டிலிருந்து 35 செ.மீ. தொலைவில் 400 நியூட்டன் காட்டியது என்றால் திருப்பு விசை 140 நியூட்டன் மீட்டர். அடுத்த முறை கருவி 2 செ.மீ. மேலே போய்விட்டால், தசை சிறிதும் வலுப்பெறாமலேயே திரை 424 காட்டும். ஆகவே தொலைவை நாடாவால் அளந்து ஒவ்வொரு முறையும் குறித்துவைப்பது கட்டாயம்.

இதைவிடக் கவலைக்குரியது, பயிற்சி பெற்ற தொடையின் முன் தசையைக் கையால் எதிர்த்து நிற்கப் பலராலும் முடிவதில்லை என்பதே. முழங்கால் ஜவ்வு அறுவைக்குப் பின் தேறிவரும் ஒருவரின் நல்ல கால் 600 நியூட்டனும் மற்றது 450 நியூட்டனும் தரக்கூடியவை என்று கொள்வோம். உண்மை விகிதம் 75 விழுக்காடு. பரிசோதகரின் கை 480-லேயே தளர்ந்துவிட்டால், நல்ல காலின் அளவு மட்டும் குறைந்து, விகிதம் 94 ஆகத் தோன்றும். 90 விழுக்காட்டைக் கடந்தால் களமிறங்கலாம் என்ற பரவலான அளவுகோலின்படி, ஆறாத காலோடு அவர் ஆடச் செல்வார். நீளாத பட்டையால் கருவியை மேசைக் காலோடு பிணைத்தால் இந்தப் பிழை பெருமளவு நீங்குகிறது. இதை விருப்பத்துக்கு விடாமல் விதியாகவே கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இடுப்பின் பக்கவாட்டுத் தசைகளில் விசை குறைவு என்பதால், அங்கே இந்தச் சிக்கலும் குறைவு.

கருவியின் ஏற்புடைமையை அறிய, அதன் அளவுகளை ஆய்வகத்திலுள்ள பெரிய ஐசோகைனடிக் இயந்திரத்தின் (மூட்டைச் சீரான வேகத்தில் அசையவிட்டுத் தசை வலுவை அளப்பது) அளவுகளோடு ஒப்பிடுகிறார்கள். இரண்டும் சேர்ந்தே ஏறி இறங்கினால் மட்டும் போதாது. எப்போதும் 50 நியூட்டன் குறைத்துக் காட்டும் கருவிக்கும், இரு அளவுகளும் எந்த அளவுக்குச் சேர்ந்து மாறுகின்றன என்று காட்டும் ஒட்டுறவு எண் சிறப்பாகவே வரும். அதனால்தான் 1986-இல் புள்ளியியலாளர்கள் பிளாண்டும் ஆல்ட்மனும் விளக்கிய முறைப்படி, ஒவ்வொருவரிடமும் இரு அளவுகளுக்கும் உள்ள வேறுபாட்டையே வரைந்து பார்க்கிறார்கள்.

அதே வீரரை வேறு நாளில் மீண்டும் அளந்து, திட்டப் பிழையையும், அதாவது வலு மாறாதபோதும் அளவுகள் வழக்கமாக எவ்வளவு முன்பின்னாகின்றன என்பதையும், கணக்கிடுகிறார்கள். திட்டப் பிழையை ஏறத்தாழ 2.77-ஆல் பெருக்கினால் வருவதே, உண்மையான மாற்றம் என்று நம்பத்தக்க மிகக் குறைந்த அளவு. திட்டப் பிழை 15 நியூட்டன் என்றால் அந்த எல்லை சுமார் 42. ஒரு மாதப் பயிற்சிக்குப் பின் திரையில் 30 நியூட்டன் கூடியிருந்தாலும், வீரர் எவ்வளவு ஆவலோடு கேட்டாலும், முன்னேற்றம் உறுதியாகவில்லை என்றே பதிவேட்டில் எழுத வேண்டும்.