கம்பியில் பொறித்திருக்கும் எண் எதைச் சொல்கிறது?

வரைபடத்தில் நான் ‘எஃப்இ 500டி’ என்று குறித்துக் கொடுத்திருந்த ஒரு வீட்டுக்கு ‘எஃப்இ 550’ கம்பி வந்து இறங்கியிருந்தது. “ஐம்பது கூடத்தானே சார், இன்னும் பலமாகத்தானே இருக்கும்?” என்று வீட்டுக்காரர் கேட்டார். கட்டமைப்புப் பொறியாளராக இந்தக் கேள்வியை நான் பலமுறை எதிர்கொண்டிருக்கிறேன்.

எஃப்இ என்பது இரும்பின் வேதியியல் குறியீடு. அடுத்து வரும் எண், இழுக்கப்படும் கம்பி தன் பழைய நீளத்துக்குத் திரும்ப முடியாமல் நிரந்தரமாக நீளத் தொடங்கும் எல்லையை, ஒரு சதுர மில்லிமீட்டருக்கு இத்தனை நியூட்டன் என்று சொல்கிறது. 12 மி.மீ. விட்டமுள்ள 500 ரகக் கம்பிக்கு அந்த எல்லை ஏறத்தாழ 5.8 டன் இழுவிசை. ஆனால் அந்த எல்லையைத் தாண்டிய பிறகு, அறுந்துபோகும் முன் கம்பி எவ்வளவு நீளும் என்பதை எண் சொல்வதில்லை. அதைச் சொல்வது ‘டி’ என்ற எழுத்துதான். கம்பிகளுக்கான இந்தியத் தரநிலையான ஐஎஸ் 1786-இன்படி 500டி குறைந்தது 16 விழுக்காடு நீள வேண்டும்; 500க்கு 12, வெறும் 550க்கு 10 விழுக்காடு போதும். கரிமம், கந்தகம், பாஸ்பரஸ் ஆகியவற்றுக்கும் 500டியில் வெறும் 500ஐவிடக் கடுமையான உச்சவரம்பு உண்டு. நிலநடுக்கத்திலோ அளவுமீறிய பாரத்திலோ, நீளும் கம்பியுள்ள உத்திரம் வாய்பிளந்து, தொங்கி, உள்ளே இருப்பவர்கள் வெளியேற அவகாசம் தரும். நீளாத கம்பி அந்த அவகாசத்தைத் தராது. ஆகவே அந்தச் சரக்கைத் திருப்பி அனுப்பச் சொன்னேன்.

கம்பிகளுக்குச் சொல்லப்படும் டிஎம்டி (உருட்டலோடு வெப்பப் பதமும் ஏற்றியது) என்ற சொல்லும் இப்படித்தான், பொருள் தெரியாமலே புழங்குகிறது. உருட்டாலையிலிருந்து ஏறத்தாழ 1000 டிகிரி செல்சியஸில் வெளியேறும் கம்பி நீர்ப்பெட்டிக்குள் பாயும்போது மேற்பரப்பு சட்டெனக் குளிர்ந்து கடினமாகிறது. உள்ளே மிஞ்சியிருக்கும் சூடு மெல்ல வெளியே பரவி அந்தக் கடினத் தோலைப் பதப்படுத்துகிறது. கொல்லர் அரிவாளை நீரில் தோய்த்துப் பதமேற்றுவதும் இதே தத்துவத்தில்தான். வெட்டுமுனையை நன்றாகத் தேய்த்து, நீர்த்த நைட்ரிக் அமிலக் கரைசல் தடவினால், விளிம்பைச் சுற்றிக் கருத்த வளையமும் நடுவில் வெளிறிய வட்டமும் கண்ணுக்கே தெரியும். வளையம் எங்கும் அறுபடாமல் ஒரே சீரான தடிமனில் இருக்க வேண்டும்.

கம்பி சொன்ன விட்டத்தில்தான் இருக்கிறதா என்றறிய எடையையும் பாருங்கள். மில்லிமீட்டரில் உள்ள விட்டத்தை அதே எண்ணால் பெருக்கி 162ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் கிடைக்கும், 12 மி.மீ. கம்பிக்கு அது 0.89 கிலோ.

நான் மிகவும் அஞ்சுவது தளத்தில் நடக்கும் ஒரு வேலையைத்தான். மாடி எழுப்ப விட்டுவைத்த தூண் கம்பிகள் கோணிக்கொண்டால், எரிவாயுச் சுடரில் சிவக்கக் காய்ச்சி நிமிர்த்துகிறார்கள். அப்படிச் சிவந்து ஆறும் இடத்தில், ஆலையில் ஏற்றிய பதம் முழுவதும் இறங்கிவிடுகிறது. பொறித்திருக்கும் 500 அந்த இடத்துக்குப் பொருந்தாது. சென்ற முறை இதைக் கண்டபோது, காய்ச்சிய நான்கு கம்பிகளையும் கணக்கிலிருந்து நீக்கிவிட்டு, பழைய கான்கிரீட்டில் துளையிட்டு வேதிப்பசையால் புதுக் கம்பிகளைப் பதித்த பின்னரே மேல்தளத் தூணை வார்க்க ஒப்புக்கொண்டேன்.