அழுத்தமானி காட்டாததைத் தராசு காட்டும்

படகு வைத்திருக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "என் படகில் நான்கு லைஃப் ஜாக்கெட்டுகள் இருக்கின்றன. நீரில் விழுந்தவுடன் தாமாகவே ஊதிக்கொள்ளும் வகை. அவற்றை அணிய வேண்டாம் என்றும், தொகுதி எண்ணைப் பார்த்து, சிலிண்டரைக் கழற்றி எடைபோட்டுத் தெரிவிக்க வேண்டும் என்றும் தயாரிப்பாளரிடமிருந்து திரும்பப் பெறும் அறிவிப்பு வந்திருக்கிறது. எடை எதற்கு? ஓர் அழுத்தமானியைப் பொருத்தியிருந்தால் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடாதா? இத்தனை ஆண்டுகளாக ஒரு குறையும் சொல்லாதவர்கள் இப்போது ஏன் சொல்கிறார்கள்?" இரண்டும் நல்ல கேள்விகள். முதல் கேள்விக்கான விடை இயற்பியலில் எனக்கு மிகவும் பிடித்த இடங்களில் ஒன்றைத் தொடுவதால், அதில் சற்று அதிக நேரம் நிற்கப்போகிறேன்.

மிதப்பின் கணக்கு எளிது. மனித உடலின் அடர்த்தி ஏறத்தாழ நீரின் அடர்த்தியே என்பதால், வாயும் மூக்கும் நீர்மட்டத்துக்கு மேலே இருக்கும்படி தாங்குவதற்கு உடல் எடை முழுவதற்கும் ஈடான விசை தேவையில்லை. பரவலாக விற்கும் ஒரு வகை, 150 நியூட்டன் மிதப்பு விசை தருவதாக வகுக்கப்பட்டது; அதாவது ஏறத்தாழ 15 லிட்டர் நீரை அது விலக்க வேண்டும். இதற்கு வழக்கமாக 33 கிராம் கார்பன் டை ஆக்சைடு அடைத்த சிலிண்டரைப் பொருத்துகிறார்கள். இவ்வாயுவின் ஒரு மோல் 44 கிராம் என்பதால் 33 கிராம் என்பது முக்கால் மோல். அறை வெப்பநிலையில் ஒரு மோல் வாயு 24 லிட்டர் இடத்தை அடைத்துக்கொள்ளும் என்பதால், கிடைப்பது 18 லிட்டர். கழுத்தைச் சுற்றியுள்ள பை சில நொடிகளில் புடைத்து நிற்கும்.

அதைத் திறந்துவிடும் விசைப்பகுதியும் எளிமையானதே. அழுத்தி வைக்கப்பட்ட ஒரு சுருள்வில், அதன் முனையில் ஓர் ஊசி, ஊசிக்கு எதிரே சிலிண்டரின் வாயை மூடியிருக்கும் மெல்லிய உலோகத் தகடு. வில் விடுபடாமல் தடுத்து வைத்திருப்பது, நீரில் கரையும் அல்லது குழையும், மாத்திரை போன்ற ஒரு சிறு வில்லை. காலாவதியான வில்லை ஒன்றை ஒரு கோப்பை நீரில் போட்டுப் பார்த்தேன். விரலால் நசுக்க முடியாதபடி கெட்டியாக இருந்தது, சில நொடிகளில் நனைந்த காகிதக் கூழாகிவிட்டது. வேறொரு வகையில் அந்த வில்லைக்கு முன்னால் ஒரு வால்வு இருக்கும். மழைத்துளியும் அலைத்தெறிப்பும் அதைத் திறப்பதில்லை. ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் ஆழத்து நீர், அதாவது வளிமண்டல அழுத்தத்தில் நூற்றில் ஒரு பங்கு, அதன்மேல் அழுத்தினால்தான் திறக்கும். இரண்டு வகைகளிலும் கையால் இழுக்க ஒரு கயிறும், வாயால் ஊத ஒரு குழாயும் உண்டு.

இனி சிலிண்டருக்கு வருகிறேன். உள்ளங்கையில் அடங்கும் அந்த எஃகுக் குப்பியின் உட்கொள்ளளவை 50 மில்லிலிட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதனுள் 33 கிராம் கார்பன் டை ஆக்சைடு எப்படி இருக்கிறது? வாயு என்று நாம் சொன்னாலும் அதில் பெரும்பகுதி திரவம். சாதாரணக் காற்றழுத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு திரவமாகவே இருக்க முடியாது; உறைந்த நிலையிலிருந்து நேரே ஆவியாகிவிடும். ஆனால் 20 டிகிரி செல்சியஸில், வளிமண்டல அழுத்தத்தைப் போல 57 மடங்கு அழுத்தத்தில் அது திரவமாகிறது. நம் குப்பியில் ஏறத்தாழ 40 மில்லிலிட்டர் திரவமும், அதற்கு மேலே 10 மில்லிலிட்டர் இடத்தில் ஆவியும் இருக்கும்.

இப்போது எங்கோ ஒரு நுண்ணிய கசிவு ஏற்படுகிறது என்று கொள்வோம். ஆவியிலிருந்து சில மூலக்கூறுகள் வெளியேறுகின்றன. அழுத்தம் குறைய வேண்டும் அல்லவா? குறைவதில்லை. ஆவி சற்றே நெகிழ்ந்தவுடன் திரவத்தின் மேற்பரப்பிலிருந்து அதே அளவு மூலக்கூறுகள் எழுந்து வந்து அந்த இடத்தை நிரப்பிவிடுகின்றன. ஒவ்வொரு நொடியும் எண்ணற்ற மூலக்கூறுகள் திரவத்திலிருந்து மேலே போவதும் ஆவியிலிருந்து கீழே விழுவதுமாக இருக்க, போவதும் வருவதும் சமமாகும் புள்ளியில் அழுத்தம் நிலைகொள்கிறது. அந்தப் புள்ளியைத் தீர்மானிப்பது வெப்பநிலை ஒன்றுதான். குப்பியில் எவ்வளவு திரவம் மிச்சமிருக்கிறது என்ற கேள்விக்கு அதில் இடமே இல்லை. முக்கால் குப்பி இருந்தாலும் ஒரே ஒரு சொட்டு இருந்தாலும் 20 டிகிரியில் அதே 57தான்.

கடைசிச் சொட்டும் ஆவியாகும் நேரத்தில் அந்த 50 மில்லிலிட்டரில் எஞ்சியிருப்பது ஏறத்தாழ 10 கிராம். ஆகவே 33 கிராமில் 23 கிராம் கசிந்து போகும்வரை அழுத்தமானியின் முள் அசைந்திருக்காது. அந்த 10 கிராமைக் கொண்டு பையை ஊதினால் ஐந்தரை லிட்டர் நிரம்பும், தேவைப்படுவதோ 15. முள் முழு அழுத்தத்தைக் காட்டிக்கொண்டிருக்கும்போதே உயிர்காக்கும் அங்கி பாதிகூட நிரம்பாமல் போகலாம். போதாக்குறைக்கு வெப்பநிலை மாறினால் முள் ஆடும்: 0 டிகிரியில் அதே முழுச் சிலிண்டர் 35 மடங்கைத்தான் காட்டும். குளிர்ந்த காலையில் நல்ல சிலிண்டரைப் பழுதென்றும், வெதுவெதுப்பான மாலையில் பழுதானதை நல்லதென்றும் சொல்லக்கூடிய கருவியை உயிர்காக்கும் பொருளில் யாரும் பொருத்த மாட்டார்கள்.

இந்த உண்மைகளைப் பொறுமையாக அளந்து வைத்தவர்களில் முதன்மையானவர் பெல்ஃபாஸ்டில் பணியாற்றிய தாமஸ் ஆண்ட்ரூஸ். தடித்த கண்ணாடிக் குழாய்களில் கார்பன் டை ஆக்சைடை அடைத்து, அழுத்தத்தையும் வெப்பத்தையும் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். ஏறத்தாழ 31 டிகிரியில் திரவத்துக்கும் ஆவிக்கும் நடுவே இருந்த எல்லைக்கோடு வளைவு இழந்து, மங்கி, மறைந்துபோயிற்று. அதற்கு மேல் இது திரவம், இது வாயு என்று பிரித்துச் சொல்ல முடியாத ஒரே நிலைதான். 1869-இல் அவர் இதைப் பற்றி ஆற்றிய உரையிலிருந்து வந்ததுதான் நாம் பள்ளியில் படித்த மாறுநிலை வெப்பநிலை. வெயிலில் காயும் படகின் மூடிய பெட்டிக்குள் 31 டிகிரி என்பது மிகச் சாதாரணம் என்பதால், ஆண்ட்ரூஸ் கண்ணாடிக்குள் பார்த்த அந்த நிலை நம் சிலிண்டருக்குள் யாரும் பாராமலே நிகழ்ந்துகொண்டிருக்கிறது.

எனவே எடைதான் வழி. வெப்பநிலை மாறினாலும் நிறை மாறாது. சிலிண்டரை எடுத்து உருட்டிப் பாருங்கள்: அது முழுமையாக இருக்கும்போது எஃகும் வாயுவும் சேர்ந்து எவ்வளவு எடை இருக்க வேண்டும் என்பது அதன்மேலேயே கிராமில் பொறிக்கப்பட்டிருக்கும். ஒரு கிராம் வரை காட்டும் சமையலறை மின்னணுத் தராசே போதும். பொறித்த எண்ணைவிட ஓரிரு கிராமுக்கு மேல் குறைந்தால் அந்தச் சிலிண்டரை ஒதுக்கிவிட வேண்டும். அப்படியே மரைப்பகுதியையும் தகட்டையும் உற்றுப் பாருங்கள். துருவோ, தகட்டில் ஊசி பட்ட தடமோ இருந்தால் எடை சரியாக இருந்தாலும் அது ஆகாது. திரும்பப் பொருத்தும்போது மரை கையால் இறுகும் வரை திருக வேண்டும்; சிலிண்டர் தளர்ந்திருந்தால் ஊசி தகட்டை எட்டாது.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். இத்தனை ஆண்டுகள் கழித்து ஏன்? ஒரு தீக்குச்சி நல்லதா என்று அறிய அதை உரசித்தான் பார்க்க வேண்டும், உரசிய பின் அது தீக்குச்சி அல்ல. வில்லையும், துளைபட வேண்டிய தகடும் அப்படிப்பட்டவை. விற்பனைக்குப் போகும் அங்கியையே முழுமையாகச் சோதிக்க முடியாது. அதே தொகுதியில் சிலவற்றை எடுத்து நீரில் போட்டுப் பார்த்து மற்றவற்றைப் பற்றி ஊகிக்க வேண்டியதுதான். ஆயிரத்தில் ஒன்றுக்குக் குறை இருக்கும் ஒரு தொகுதியிலிருந்து 50-ஐச் சோதித்தால், ஐம்பதும் சரியாக வேலை செய்துவிட 95 விழுக்காடு வாய்ப்பு உண்டு. அந்தக் குறை வெளியே தெரிவது, அங்கிகள் ஆயிரக்கணக்கில் பலரிடம் போய்ச் சேர்ந்து, எங்கோ ஒருவர் நீரில் விழுந்து, அவருடையது ஊதாதபோதுதான். இதனால் உங்கள் அங்கியைப் பற்றி உங்களுக்குத் தெரியாத ஒன்றை அதன் தொகுதி எண் அறிந்திருக்கிறது. திரும்பப் பெறும் அறிவிப்பை வியாபாரக் கடிதமாக எண்ணி ஒதுக்குபவர்கள், எவரோ உயிரைப் பணயம் வைத்துப் பெற்ற ஒரு சோதனை முடிவைப் படிக்காமல் ஒதுக்குகிறார்கள்.

பழைய படகை வாங்கியவர்களுக்கு இந்த அறிவிப்பு வராமலே போகலாம், ஏனெனில் தயாரிப்பாளரின் பதிவேட்டில் இருப்பது பெரும்பாலும் முதலில் வாங்கியவரின் பெயர். படகோடு வந்த ஒவ்வோர் அங்கியின் உட்புறச் சீட்டிலுள்ள மாதிரிப் பெயரையும், தொகுதி எண்ணையும், தயாரித்த ஆண்டையும் நீங்களே எழுதிக் கொடுத்துப் பதிவு செய்துகொள்ள வேண்டும். உப்புநீர் எழுத்தை அழிப்பதற்கு முன் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

ஐரோப்பிய மாலுமிகளிடம் ஒரு காலத்தில் ஒரு நம்பிக்கை இருந்தது: பிறக்கும்போது சில குழந்தைகளின் தலையைப் போர்த்தியபடி வரும் மெல்லிய சவ்வைப் பக்கத்தில் வைத்திருந்தால் நீரில் மூழ்க மாட்டோம் என்று அதைக் காசு கொடுத்து வாங்கினார்கள். "பத்து வருடமாக இதைத்தான் போடுகிறேன், ஒன்றும் ஆகவில்லை" என்று பேசும் படகுக்காரர்களைப் பார்க்கும்போது எனக்கு அந்தச் சவ்வுதான் நினைவுக்கு வருகிறது. பத்து வருடமும் நீரில் விழவில்லை என்றால், அந்த அங்கி பத்து வருடமும் சோதிக்கப்படவில்லை என்பதுதான் பொருள்.

உண்மையான சோதனை எப்படியிருக்கும் என்பதற்கு எட்கர் பாஸ்கைச் சொல்ல வேண்டும். இரண்டாம் உலகப் போரின்போது, மயங்கிய நிலையில் கடலில் விழும் விமானியின் முகத்தை எந்த அங்கி மேல்நோக்கி நிறுத்தும் என்று அறிய, மயக்க மருத்துவரான அவர் ஈதர் கொடுத்துத் தம்மையே முழு மயக்கத்தில் ஆழ்த்தச் சொல்லி நீச்சல் குளத்தில் மிதந்தார். விழித்திருப்பவர் எவ்வளவு முயன்றாலும் தளர்ந்த கழுத்தை நடித்துக் காட்ட முடியாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. இத்தகைய ஆராய்ச்சிக்குப் புகழும் குறைவு, நிதியும் குறைவு. உப்புக் காற்றில் ஐந்து ஆண்டு கிடந்த வில்லை எப்படிக் கரைகிறது, ஊசிமுனை எவ்வளவு மழுங்கினால் தகடு தப்பிவிடும் என்பவற்றைச் சலிப்பில்லாமல் அளப்பவர்களுக்குப் பொதுப்பணம் தாராளமாகப் போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. தயாரிப்பாளர்கள் மட்டும் அளந்தால், தங்கள் அங்கியை மட்டுமே அளப்பார்கள்.

வாசகருக்கு இன்னும் ஒன்று. நான்கு சிலிண்டர்களும் சரியான எடையைக் காட்டினாலும் அந்த அங்கிகளை அணியாதீர்கள். வாயு இருக்கிறது என்பதைத்தான் தராசு காட்டும், ஊசி தகட்டைத் துளைக்குமா என்பது அதற்குத் தெரியாது. அவசரத்துக்கு இருக்கட்டும் என்று படகின் மூலையிலும் வைக்க வேண்டாம், விவரம் அறியாத ஒருவர் எடுத்து மாட்டிக்கொள்வார். மாற்று வந்து சேரும்வரை, நுரை அடைத்த பழைய பாணி லைஃப் ஜாக்கெட்டுகள் நான்கை வாங்கிக்கொள்ளுங்கள். பருமனாகத்தான் இருக்கும், கையை வீசுவதற்குச் சற்று இடைஞ்சலாகவும் இருக்கும். ஆனால் அவற்றில் கரைய வேண்டிய வில்லையும் இல்லை, துளைக்க வேண்டிய தகடும் இல்லை.