கிராண்ட் என்றால் மானியமா?

அமெரிக்கப் பழங்குடி ஊர்களில் குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கு உதவ அந்நாட்டு மத்திய அரசு ஆண்டுதோறும் பணம் ஒதுக்குகிறது. ஆங்கிலத்தில் அதற்கு 'கிராண்ட்' என்று பெயர். அதைப் பற்றித் தமிழில் எதைப் படித்தாலும் 'மானியம்' என்றே இருக்கிறது. அண்மையில் கண்ணில் பட்ட ஒரு மொழிபெயர்ப்பு இன்னும் ஒரு படி மேலே போய், 'பழங்குடியினருக்குப் பலியானோர் சேவை மானிய விருது வழங்கப்பட்டது' என்று எழுதியிருந்தது. ஒரே வரியில் மூன்று பிழை. பலியானவர் என்றால் தமிழில் செத்தவர்; செத்தவருக்கு என்ன சேவை, கருமாதியா? அங்கே சொல்ல வந்தது பாதிக்கப்பட்டவரை. விருது என்பது மேடையில் பொன்னாடையோடு கொடுப்பது. இங்கே அது வெறும் நிதி ஒப்புதல். இவை இரண்டும் அகராதியில் முதல் பொருளை மட்டும் பார்க்கிறவர்கள் செய்யும் பிழை, சொன்னால் திருத்திக்கொள்வார்கள். மூன்றாவதான மானியத்தைத்தான் யாரும் பிழை என்றே நினைப்பதில்லை.

மானியம் வடசொல். மதிப்புக்குரியது என்ற பொருளுள்ள 'மான்ய' என்பதிலிருந்து வந்தது. கோயிலுக்கும், படித்தவர்களுக்கும், ஊர் ஊழியம் செய்தவர்களுக்கும் வரி நீக்கிக் கொடுத்த நிலம் மானிய நிலம். இனாம் என்றும் சொல்வார்கள். 1963இல் வந்த இனாம் ஒழிப்புச் சட்டங்களோடு அந்த நிலமுறை போய்விட்டது, சொல் மட்டும் தங்கிவிட்டது. இப்போது உர மானியம், சமையல் எரிவாயு மானியம், சொட்டுநீர்ப் பாசன மானியம். அதாவது விலையில் ஒரு பங்கை அரசு ஏற்றுக்கொள்வது. அன்று நிலம் பெற்றவரானாலும் சரி, இன்று உரம் வாங்குகிறவரானாலும் சரி, 'வாங்கியதை என்ன செய்தாய், பில்லைக் காட்டு' என்று யாரும் வந்து நிற்பதில்லை.

கிராண்ட் என்ற ஆங்கிலச் சொல் பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. அடிவேர் லத்தீனில் 'நம்பு' என்னும் வினை. கடனைக் குறிக்கும் கிரெடிட்டும் அதே வேரில் முளைத்ததுதான். உன்னை நம்பி இந்தக் காரியத்துக்காகத் தருகிறேன், காரியம் நடந்ததா என்று பிறகு கேட்பேன் என்பது இதன் இன்றைய பொருள். கேட்பது என்றால் சும்மா கேட்பதல்ல.

அமெரிக்காவில் 1984ஆம் ஆண்டின் குற்றப் பாதிப்பாளர் சட்டம் ஒரு தனி நிதியத்தை உருவாக்கியது. அதில் சேர்வது வரிப்பணம் அல்ல. மத்திய நீதிமன்றங்களில் தண்டனை பெறும் ஆட்களும் நிறுவனங்களும் கட்டும் அபராதம். வெகுகாலம் அந்தப் பணம் பெரும்பாலும் மாநில அரசுகளுக்குத்தான் போனது. பழங்குடி அரசுகள் மாநிலத் தலைநகரில் போய் விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டும். 2018 நிதியாண்டில்தான் ஆண்டுதோறும் நிதியத்திலிருந்து வழங்கும் தொகையில் 3 விழுக்காட்டைப் பழங்குடிகளுக்கென்று நாடாளுமன்றம் தனியே எடுத்து வைத்தது. அடுத்த ஆண்டு அது 5 விழுக்காடானது. முதலில் போட்டி விண்ணப்பம். பிறகு மக்கள்தொகைக் கணக்குப்படி பிரித்துக் கொடுக்கும் முறை வந்தது. அதற்கு ஒவ்வொரு பழங்குடி அரசும் தன் உறுப்பினர் எண்ணிக்கையைச் சான்றளித்து அனுப்ப வேண்டும்.

இந்தப் பணத்தை நிர்வகிப்பது எப்படி இருக்கும் என்று அலாஸ்காவை வைத்துப் பார்க்கலாம். அங்கே பல பழங்குடிக் கிராமங்களுக்குச் சாலை கிடையாது. அடித்து நொறுக்கும் கணவனிடமிருந்து ஒரு பெண் குழந்தையோடு தப்ப வேண்டுமென்றால் சிறிய விமானம்தான் வழி. கிராமத்தின் உதவிப் பணியாளர் டிக்கெட் எடுக்கிறார், நகரத்தில் அறை போடுகிறார், குழந்தைக்குக் குளிர் தாங்கும் கோட்டு வாங்குகிறார். மறுநாள் காலை மூன்று ரசீதுகளும் கோப்பில் ஏறுகின்றன. ஒவ்வொரு செலவும் அனுமதிக்கப்பட்டதா, இந்தத் திட்டத்துக்கே உரியதா, நியாயமான அளவா என்று மூன்று கேள்விகளைத் தாண்ட வேண்டும். அந்தப் பணியாளர் இரண்டு திட்டங்களுக்கு உழைக்கிறார் என்றால், எதற்கு எத்தனை மணி நேரம் என்பதற்கும் பதிவு வேண்டும். தணிக்கையாளருக்கோ ஆதாரம் வேண்டும், ஆனால் அந்தப் பெண்ணின் பெயரை வெளியே காட்டக்கூடாது என்பதும் விதி. அதனால் கோப்பில் பெயருக்குப் பதில் ஒரு குறியீட்டு எண். எல்லாருக்கும் எல்லாரையும் தெரிந்த சின்னக் கிராமத்தில், விமானத் தேதியும் ஒரு குழந்தை என்ற குறிப்புமே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் அதையும் பார்த்துப் பார்த்து எழுத வேண்டியிருக்கிறது.

பணமும் மொத்தமாகக் கைக்கு வராது. செலவுக்குத் தக்கபடி கருவூலத்திலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை நிதி அறிக்கை. காலம் முடிந்தால் மீதிப் பணம் கிடைக்காது. ஓராண்டில் மத்திய அரசின் பல நிதிகளிலுமாகச் சேர்த்து 7,50,000 டாலர் செலவழித்தாலே முழுத் தணிக்கை என்று இருந்தது. 2024 அக்டோபருக்குப் பின் தொடங்கும் நிதியாண்டுகளுக்கு அது 10 லட்சமாக உயர்ந்திருக்கிறது. சரி, இதைப் போய் மானியம் என்றால் படிக்கிறவர் மனதில் என்ன விழும்? பழங்குடிகளுக்கு ஏதோ சும்மா கிடைக்கிறது என்றுதான் விழும்.

எனக்குப் பிடித்த சொல் 'நல்கை'. நல்கு என்ற வினை சங்ககாலம் தொட்டு இருக்கிறது. கடலே ஆனாலும் மேகம் நல்காவிட்டால் வற்றும் என்கிறது குறள். புதிதாய்ச் செய்த சொல்லும் அல்ல. பல்கலைக்கழக நல்கைக் குழு என்று எழுதுகிறவர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள்.

இதைச் சொன்னதும் மானியக் கட்சிக்காரர்கள் வரிந்து கட்டிக்கொண்டு வருவார்கள். அவர்களின் முதல் வாதம், சட்டமன்றத்திலேயே மானியக் கோரிக்கை என்றுதானே இருக்கிறது என்பது. இருக்கிறது. ஆனால் அது அரசு தன் செலவுக்கு அவையிடம் அனுமதி கேட்கும் நடைமுறையின் பெயர். அதை யாரும் அங்கிருந்து பிடுங்கச் சொல்லவில்லை. அவை கொடுப்பது அரசுக்கு, அரசு கொடுப்பது ஓர் அமைப்புக்கு, இரண்டும் ஒன்றல்ல. இரண்டாவது வாதம், இலங்கையிலும் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுதானே என்பது. நிறுவனத்தின் பெயரை அப்படியே விடுங்கள். பெயர்ப்பலகையில் இருக்கிற சொல் எல்லா இடத்துக்கும் பொருந்தும் என்று எந்தச் சட்டம் சொல்கிறது?

மூன்றாவது வாதம்தான் என்னை அதிகம் கடுப்பேற்றுவது: 'மக்களுக்குப் புரிகிற சொல்லை எழுது.' மக்களுக்கு மானியம் என்ற சொல் நன்றாகப் புரிகிறது ஐயா, அதுதான் சிக்கலே. அது அவர்களுக்கு விலைக்குறைப்பாகப் புரிகிறது. அவர்களுக்கு இருக்கிற தெளிவு மொழிபெயர்ப்பாளர்களுக்கு இல்லை. ஆசிரியர் சம்பளத்தை அரசு கொடுத்து, கணக்கும் கேட்கிற பள்ளியை ஊரில் எப்படிச் சொல்கிறார்கள்? அரசு உதவிபெறும் பள்ளி. மானியப் பள்ளி என்று யார் வாயிலும் வருவதில்லை. இன்னொரு தொல்லையும் உண்டு. ஒரே கட்டுரையில் சப்சிடியும் கிராண்டும் வந்துவிட்டால் மானியக் கட்சி என்ன செய்யும்? ஒன்றை மானியம் என்றும் மற்றதை 'மானியத் தொகை' என்றும் எழுதிச் சமாளிக்கும். வாசகன் இரண்டையும் ஒன்றென்றே படிப்பான்.

நன்கொடை என்பாரும் உண்டு. கோயில் உண்டியலில் போடுவது நன்கொடை. போட்டவர் திரும்பி வந்து தணிக்கை செய்வதில்லை. உதவித்தொகை மாணவருக்கும் முதியவருக்கும் போய்விட்டது, தனி ஆளுக்கு என்ற வாடை அதில் ஏறிவிட்டது.

நல்கையிலும் குறை இல்லாமல் இல்லை. காதில் விழும்போது நல்குரவை, அதாவது வறுமையை, நினைவூட்டுகிறது என்று ஒருவர் சொன்னார். குறளில் அதற்கென்று ஓர் அதிகாரமே இருக்கிறது, உண்மைதான். ஆனால் இன்று நல்குரவைத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்? தெரிந்தவர்களுக்கு இரண்டையும் பிரித்துப் பார்க்கவும் தெரியும். நல்கை பெறுநர், நல்கை ஒப்புதல், நல்கைக் காலம் என்று அலுவலகத்துக்கு வேண்டிய கூட்டுச்சொற்களும் தடையில்லாமல் வருகின்றன. மானிய விருதுக்கு இருக்கவே இருக்கிறது நல்கை ஒப்புதல்.

நிர்வாகச் சொற்கள் பக்கம் போனால் இன்னும் கூத்து. திட்டச் செலவில் பெறுநர் தன் கையிலிருந்து போட வேண்டிய பங்கை (ஆங்கிலத்தில் 'மேட்ச்') 'பொருத்தம்' என்று ஒருவர் எழுதியிருக்கிறார், ஜாதகம் பார்ப்பதுபோல. மாநிலங்கள் வழியாக வரும் நிதியில் அந்தப் பங்கு பொதுவாக 20 விழுக்காடு; பழங்குடிகளுக்கு அதிலிருந்து விலக்கு உண்டு. ஆக 'பழங்குடிகளுக்குப் பொருத்தம் தேவையில்லை' என்று ஒரு வரி அச்சாகி வந்துவிடுகிறது. ஈடுபங்கு என்றால் முடிந்தது. வாடகை, மின்சாரம், கணக்கர் சம்பளம் போன்றவற்றை 'மறைமுகச் செலவு' என்கிறார்கள். கேட்டால் ஏதோ மேசைக்கடியில் கொடுத்ததுபோல இருக்கிறது. பொதுச்செலவு என்று எழுதலாமே. 'அமெரிக்க இந்தியர்' என்று மொட்டையாக எழுதினால் நியூ ஜெர்சியில் குடியேறிய நம்மவர்கள் என்றுதான் பாதிப் பேர் நினைப்பார்கள். செவ்விந்தியர் என்பது தோலின் நிறத்தைச் சொல்லிக் கூப்பிடுவது, அதைக் கைவிட்டு நாளாயிற்று. பழங்குடி போதும், அதைவிட அந்தந்தக் குடியின் பெயரான நவஹோ, லகோட்டா, யூபிக் என்று எழுதுவது நல்லது.

நல்கை மேல் எனக்கே ஒரு மனத்தாங்கல் இருப்பது வேறு இடத்தில். நல்குதலில் அருளின் சாயல் உண்டு. மேலே இருப்பவர் கீழே இருப்பவருக்குத் தருவது. பழங்குடித் தலைவர்கள் பேசும்போது இதை அருளாக ஒருபோதும் சொல்வதில்லை. 1778 முதல் 1871 வரை அவர்களோடு அமெரிக்கா உடன்படிக்கைகள் போட்டு நிலத்தை வாங்கிக்கொண்டது. 1885இல் பழங்குடி நிலத்தில் நடக்கும் கொலை போன்ற பெருங்குற்றங்களை மத்திய அரசு தன் விசாரணைக்குள் கொண்டுவந்தது. 1978இல் ஆலிஃபன்ட் வழக்கில், பழங்குடியல்லாதவர் அங்கே குற்றம் செய்தால் தண்டிக்கும் அதிகாரம் பழங்குடி நீதிமன்றத்துக்கு இல்லை என்று உச்ச நீதிமன்றம் தீர்த்தது. 2013இல் வந்த சட்டம் குடும்ப வன்முறை போன்ற சிலவற்றில் மட்டும் அதைத் தளர்த்தியது. தண்டிக்கும் அதிகாரத்தை எடுத்துக்கொண்டவர்தானே பாதுகாப்புக்கும் பொறுப்பு என்பது அவர்கள் கேட்கும் கேள்வி. ஆகவே நிதி நிர்வாகத்தைப் பற்றி எழுதும்போது நல்கை என்று எழுதுகிறேன். அந்தத் தலைவர்களின் பேச்சை மொழிபெயர்க்கும் இடத்தில் உடன்படிக்கைக் கடன், அதாவது உடன்படிக்கையால் வந்த கடமை, என்றே எழுதுவேன். மானியம் இரண்டு இடத்துக்கும் ஆகாது.