இடது பக்கம் திரும்ப வலது பக்கம் ஒடிக்க வேண்டும்

சின்ன வயதில் சைக்கிளை வேகமாக மிதித்து வந்து, மண் தரையில் பின் பிரேக்கை மட்டும் அழுத்தி, வண்டியை அரைவட்டமாகச் சறுக்கி நிறுத்தியிருப்பீர்கள். முட்டி சிராய்த்தாலும் மறுபடி மறுபடி செய்திருப்பீர்கள். அந்த ஒரு நொடிச் சந்தோஷத்தை ஒவ்வொரு வளைவிலும் நீட்டித் தருவதுதான் அமெரிக்காவின் ஃப்ளாட் டிராக் பைக் பந்தயம்.

நீள்வட்ட மண் பாதை. ஒரு சுற்று கால் மைல், அரை மைல், பெரிய இடங்களில் ஒரு மைல். எல்லோரும் இடஞ்சுழியாகத்தான் ஓட்டுவார்கள். வண்டியில் முன் பிரேக் இருக்காது. இல்லினாய்ஸில் நடக்கும் ஸ்பிரிங்ஃபீல்ட் மைல் போன்ற தொழில்முறைப் பந்தயங்களில் நேர்ப்பாதையில் வேகம் மணிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டும். வேலைக்குப் போகிறவர்கள் வார இறுதியில் சின்ன டிராக்குக்கு வேனில் ஏற்றி வருவது பெரும்பாலும் மேடுபள்ளத்தில் தாவி ஓடும் 450 சிசி மோட்டோகிராஸ் வண்டிதான். உயரத்தைக் குறைத்து, 19 அங்குலச் சக்கரம் மாட்டியிருப்பார்கள். இருவருக்கும் இயற்பியல் ஒன்றே.

ஒரு சின்னக் கணக்கு. வளைவின் ஆரம் 30 மீட்டர், வேகம் மணிக்கு 54 கிலோமீட்டர், வண்டியும் ஆளும் சேர்ந்து 180 கிலோ. வளைவை விட்டு விலகாமலிருக்க மையத்தை நோக்கி சுமார் 1,350 நியூட்டன் விசை வேண்டும். கிட்டத்தட்ட 138 கிலோ மூட்டையைத் தூக்கிப் பிடிக்கிற அளவு. வேகத்தை 20 விழுக்காடு கூட்டினால் இந்த விசை 44 விழுக்காடு கூட வேண்டும். உதிர்கிற மண்ணில் இவ்வளவு பிடிப்பு எங்கிருந்து வருகிறது?

சறுக்கலிலிருந்தே வருகிறது. தார் ரோட்டில் ரப்பர் தரையைக் கவ்வும். மண்ணிலோ தரையே நழுவும். டயர் கொஞ்சம் பக்கவாட்டில் சறுக்கும்போது மண்வெட்டி போல மண்ணை ஒதுக்கித் தள்ளி, தன் வெளிப்பக்கம் ஒரு குட்டி வரப்பைக் கட்டிக்கொள்கிறது. அந்த வரப்பு டயரைத் திருப்பித் தள்ளுகிறது.

இன்னொன்றும் நடக்கிறது. ஆக்சிலரேட்டரை முறுக்கியதும் பின்சக்கரம் சுழன்று வெளியே நழுவ, வண்டியின் மூக்கு உள்பக்கம் திரும்புகிறது. இப்போது எஞ்சின் தள்ளும் திசையும் உள்பக்கம்தான். வண்டி 20 பாகை திரும்பியிருந்தால், அந்தத் தள்ளுவிசையில் மூன்றில் ஒரு பங்கு மையத்தை நோக்கிப் போகும். முன்சக்கரம் வண்டி உண்மையில் போகும் திசையைப் பார்த்தாக வேண்டும். அதனால்தான் இடது வளைவில் ஹேண்டில்பார் வலது பக்கம் ஒடிந்து நிற்கிறது. இந்த அழகைப் பார்த்தவர்களுக்கு வேறு பந்தயம் பிடிக்காமல் போனால் ஆச்சரியமில்லை!

அப்புறம் வண்டியைத் திருப்புவது வலது மணிக்கட்டு. கொஞ்சம் கூட்டினால் பின்பக்கம் மேலும் வெளியே போகும், குறைத்தால் உள்ளே வரும். பட்டென்று மூடிவிடக் கூடாது. நழுவிக்கொண்டிருந்த டயர் சட்டென்று பிடித்து, வண்டி நிமிர்ந்து, ஓட்டுநரை மேலே தூக்கி வெளிப்பக்கம் எறிந்துவிடும். எஞ்சின் வேகம் தடாலென்று ஏறி இறங்காமலிருக்க, பலர் எஞ்சினோடு சுழலும் கனமான சக்கரமான ஃப்ளைவீலில் கூடுதல் எடை சேர்க்கிறார்கள்.

இடது காலைப் பாருங்கள். பூட்ஸின் அடியில் வாரால் கட்டிய ஓர் இரும்புத் தகடு, தேய்ந்து தேய்ந்து கண்ணாடி மாதிரி பளபளக்கும். ரப்பர் அடி என்றால் தரை கவ்விக் காலை இழுத்துவிடும். இரும்பு வழுக்கிக்கொண்டே வரும். அதில் முழு எடையையும் போட மாட்டார்கள். வண்டி எவ்வளவு சாய்ந்திருக்கிறது, தரை இறுகலா இளகலா என்பதைக் கால் சொல்லிக்கொண்டே இருக்கும். உடம்போ சீட்டின் வெளிவிளிம்பில் நிமிர்ந்து உட்கார்ந்து, வலது ஃபுட்ரெஸ்டை மிதித்து, டயரை மண்ணுக்குள் அழுத்தும்.

இந்த மண் டிராக்கில் வளர்ந்த அமெரிக்க ஓட்டுநர் கென்னி ராபர்ட்ஸ், பின்சக்கரத்தால் வண்டியைத் திருப்பும் இந்த வித்தையைத் தார்ப் பந்தயத்துக்குக் கொண்டுபோய் 1978, 1979, 1980 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து 500 சிசி உலகச் சாம்பியன் ஆனார். தார்ப் பந்தய உலகச் சாம்பியனான ஸ்பெயினின் மார்க் மார்க்கேஸும் மண் டிராக்கில் பயிற்சி செய்கிறவர்தான்.

எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது மண்தான். களிமண் துகள்களுக்கு நடுவே மெல்லிய நீர்ப்படலம் இருந்தால் அவை ஒன்றையொன்று இழுத்துப் பிடிக்கும். தண்ணீர் குறைந்தால் புழுதி, கூடினால் சேறு. காலையில் பொதபொதவென்றிருந்த டிராக், ஓட ஓட இறுகி, டயர் ரப்பர் அப்பிக் கருநீலப் பட்டையாக மாறும். அதற்கு ‘ப்ளூ க்ரூவ்’ என்று பெயர். அந்தப் பட்டையில் பிடிப்பு அபாரம். ஓரடி விலகினால் ஒன்றுமில்லை. அதனால்தான் ஓட்டத்துக்கு முன் டிராக்கில் நடந்துபோய், குதிகாலால் மண்ணைக் கிளறி, ஒரு பிடி அள்ளிக் கசக்கிப் பார்க்கிறார்கள்.