பஞ்சாங்கத்தை மறந்த கருவி

கரூரிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருந்தார். பல வருடங்களுக்கு முன் காருக்கு வாங்கிய ஜிபிஎஸ் கருவி ஒன்று பரணில் கிடந்ததாம். போன மாதம் அதை இறக்கி, சார்ஜ் ஏற்றி, காரில் மாட்டியிருக்கிறார். "செயற்கைக்கோள்களைத் தேடுகிறது" என்று சொல்லிச் சொல்லியே கால் மணி நேரம் ஓடியது. பக்கத்தில் மகளின் செல்பேசி அதற்குள் நாலு முறை வழி சொல்லிவிட்டது. ஒருவழியாக விழித்துக்கொண்ட கருவி, இடத்தைச் சரியாகக் காட்டியது. தேதியை மட்டும் ஏறக்குறைய இருபது வருடம் பின்னால் காட்டியது. "இதற்கு ஞாபக மறதி வந்துவிட்டதா? ஒரு ஜிபிஎஸ் கருவிக்கு எவ்வளவுதான் நினைவகம் வேண்டும்?" என்று கேட்கிறார்.

ஆமாம், ஞாபக மறதியேதான். மறந்துபோனது எவ்வளவு என்று தெரிந்தால் சிரிப்பு வரும்: ஐந்து கிலோபைட்கூட இல்லை. காலையில் சித்தப்பா வாட்ஸாப்பில் அனுப்பும் ரோஜாப்பூ வணக்கம் இதைவிடப் பல மடங்கு பெரியது.

முதலில் வரைபடத்தைத் தனியாக எடுத்து வைத்துவிடுவோம். தெருப் பெயர், பாலம், பெட்ரோல் பங்க் எல்லாம் சேர்ந்து ஜிகாபைட் கணக்கில் இடம் பிடிக்கும். ஆனால், நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று கண்டுபிடிக்க அது தேவையே இல்லை. நான்கு செயற்கைக்கோள்களின் சமிக்ஞைகள் எவ்வளவு தாமதமாக வந்தன என்று பார்த்து, அந்தத் தாமதத்தை ஒளியின் வேகத்தால் பெருக்கித் தூரமாக்கி, கோளங்கள் வெட்டும் புள்ளியைப் பிடிக்கும் கதைதான். பள்ளியில் படித்ததே போதும்.

அதற்கு, செயற்கைக்கோள் அந்தக் கணத்தில் எங்கே இருக்கிறது என்பது தெரியவேண்டும். அதை அவையே சொல்கின்றன, ஆனால் நொடிக்கு 50 பிட் என்ற ஆமை வேகத்தில். தன்னுடைய துல்லியமான பாதை விவரத்தை ஒவ்வொன்றும் 30 நொடிக்கு ஒருமுறை திருப்பிச் சொல்லும். இது நான்கு மணி நேரம் வரைக்கும் செல்லும். அப்புறம் புதிதாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். இதற்கிடையே, எல்லாச் செயற்கைக்கோள்களும் தோராயமாக எங்கெங்கே இருக்கும் என்ற பொதுப் பட்டியலையும் துண்டு துண்டாக அனுப்பும். 25 துண்டுகளும் வந்துசேரப் பன்னிரண்டரை நிமிடம் ஆகும். மொத்தம் 37,500 பிட். இந்தப் பட்டியலுக்கு ஆங்கிலத்தில் வைத்திருக்கும் பெயரைத் தமிழாக்கினால் பஞ்சாங்கம் என்றுதான் வரும். ராகு காலம், எமகண்டம் கிடையாது. கணக்கு பழசானால் தரைநிலையங்கள் புதிய கணக்கை மேலே ஏற்றிவிடும், பழையதைப் பிடித்துக்கொண்டு யாரும் தொங்குவதில்லை. நம் வீட்டுப் பஞ்சாங்கத்திலும் கணிதப் பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு பயமுறுத்தும் பகுதியைக் கிழித்துவிடலாம் என்பது என் நெடுநாள் ஆசை.

இந்தப் பஞ்சாங்கத்தையும் கடிகாரத்தையும் உயிரோடு வைத்திருப்பதற்காகக் கருவிக்குள் ஒரு குட்டி பேட்டரி உண்டு. பரணில் கிடந்தபோது அது தீர்ந்துவிட்டது. மணியும் தெரியாது, வானில் யார் இருக்கிறார்கள் என்றும் தெரியாது. பழைய சில்லு என்பதால் ஒவ்வொரு செயற்கைக்கோளாகக் கூப்பிட்டுப் பார்த்து, பஞ்சாங்கத்தை முதலிலிருந்து எழுதிக்கொண்டது. செல்பேசி அதே விவரங்களை இணையம் வழியே கண நேரத்தில் வாங்கிக்கொண்டது. மகளின் வெற்றிக்கு அவ்வளவுதான் ரகசியம்.

இனி எனக்குப் பிடித்த இடத்துக்கு வருகிறேன். ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் எல்லாமே ஒரே அலைவரிசையில் ஒரே நேரத்தில் பேசுகின்றன. மீன் சந்தை மாதிரி. இதில் ஒரு குரலை எப்படிப் பிரிப்பது? ஒவ்வொன்றுக்கும் 1,023 பூஜ்ய-ஒன்றுகள் கொண்ட தனி வரிசை உண்டு. ஒரு மில்லிநொடியில் ஒருமுறை அதைப் பாடி முடித்துவிட்டு மறுபடி தொடங்கும். கருவி அதே வரிசையைத் தனக்குள் பாடிக்கொண்டு, முன்னே பின்னே நகர்த்திப் பொருத்திப் பார்க்கும். பொருந்தினால் இரைச்சலுக்கு அடியில் புதைந்திருக்கும் குரல் மேலே எழும்பி வரும். சரி, அப்படியானால் 32 செயற்கைக்கோள்களின் வரிசைகளையும் கருவி மனப்பாடம் செய்து வைத்திருக்க வேண்டாமா?

வேண்டாம்! ஒரு வரிசையைக்கூடச் சேமிக்க வேண்டியதில்லை.

மூன்று கட்டங்களை வரைந்து 1, 1, 1 என்று நிரப்புங்கள். ஒவ்வொரு அடியிலும் கடைசிக் கட்டத்தில் இருப்பது வெளியே விழும், மற்றவை ஓரிடம் வலப்பக்கம் நகரும். காலியான முதல் கட்டத்தில் என்ன போடுவது? நகர்வதற்கு முன் இரண்டாவது, மூன்றாவது கட்டங்களில் இருந்தவை ஒன்றுபோல இருந்தால் 0, வேறுபட்டால் 1. பென்சில் எடுத்துச் செய்து பாருங்கள்: 1, 1, 1, 0, 0, 1, 0 என்று விழும். ஏழாவது அடி முடிந்ததும் மறுபடி மூன்று ஒன்றுகள், பழையபடி தொடக்கம். மூன்று கட்டங்களில் வரக்கூடிய எட்டு நிலைகளில், எல்லாம் பூஜ்யமாக இருக்கும் நிலையைத் தவிர ஏழையும் அது தொட்டுவிட்டு வந்திருக்கிறது. (எல்லாம் பூஜ்யம் என்றால் அங்கேயே உட்கார்ந்துவிடும், அதனால்தான் அந்த ஒன்றை விட்டுவிடுகிறோம்.) இதற்கு ஷிஃப்ட் ரெஜிஸ்டர் என்று பெயர். மூன்றுக்குப் பதில் பத்துக் கட்டங்கள் வைத்து, எந்தக் கட்டங்களைப் பார்ப்பது என்பதைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால் வரிசையின் நீளம் 1,023.

ஜிபிஎஸ்ஸில் இப்படி இரண்டு பத்துக்கட்ட ரெஜிஸ்டர்கள் ஓடுகின்றன. முதலாவதின் கடைசிக் கட்டத்தையும் இரண்டாவதில் குறிப்பிட்ட இரண்டு கட்டங்களையும் அதே "ஒன்றுபோல இருந்தால் 0, வேறுபட்டால் 1" விதிப்படி சேர்த்தால் ஒரு வரிசை. அந்த இரண்டு கட்டங்கள் எவை என்பதுதான் செயற்கைக்கோளின் அடையாளமே. முதலாம் எண்ணுக்கு 2, 6. இரண்டாம் எண்ணுக்கு 3, 7. அவ்வளவுதான்! ஆயிரத்துச் சொச்சம் பிட் நீளமுள்ள ஒரு குரலை இரண்டு சின்ன எண்களுக்குள் மடித்து வைத்திருக்கிறார்கள். இந்த வகை வரிசைகளைக் கண்டுபிடித்து 1967இல் வெளியிட்டவர் ராபர்ட் கோல்ட். முதல் ஜிபிஎஸ் செயற்கைக்கோள் மேலே போக இன்னும் 11 வருடம் இருந்தது.

மனப்பாடமா, கணக்கா என்ற இந்தக் கேள்வி நமக்குப் புதிதல்ல. 1825இல், சென்னை வானாய்வகத்தில் முன்பு பணியாற்றிய ஜான் வாரன், புதுச்சேரியில் ஒரு பஞ்சாங்கக்காரரைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார். அவர் தரையில் சோழிகளை அடுக்கி, மனதில் இருந்த வாக்கியங்களை, அதாவது எண்களைச் சொற்களாக்கிய வரிகளைக் கொண்டு சந்திர கிரகணத்தைக் கணித்தாராம். அட்டவணை முழுக்கத் தலைக்குள். வாக்கியப் பஞ்சாங்கம் மனப்பாடக் கட்சி என்றால், ஜிபிஎஸ் அதற்கு எதிர்க்கட்சி.

ஐரோப்பியர்கள் மனப்பாடக் கட்சிக்குத் தாவினார்கள். அவர்களுடைய ஜிபிஎஸ்ஸான கலிலியோ அமைப்பின் ஈ1 அலைவரிசையில் 4,092 நீள வரிசைகள்; எந்த ரெஜிஸ்டரிலும் பிறக்காதவை. ஒன்றோடொன்று குழம்பாதபடி கணினியில் தேடிச் செதுக்கியவை. நூறு வரிசைகளையும் கருவி அப்படியே வைத்திருக்க வேண்டும், சுமார் 50 கிலோபைட். இன்றைய செல்பேசிக்கு இது தூசு. மலிவான, பேட்டரியைச் சொட்டுச் சொட்டாகச் செலவழிக்கும் குட்டிச் சில்லுக்கு அப்படியில்லை.

நம் நாட்டின் சொந்த வழிகாட்டும் செயற்கைக்கோள் அமைப்பான நாவிக் என்ன செய்தது? 2023 மே 29 அன்று ஏவப்பட்ட என்விஎஸ்-01 செயற்கைக்கோளில் எல்1 அலைவரிசை முதல்முறையாகச் சேர்ந்தது. அதற்கான வரிசைகளைப் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் பி. விஜய் குமார் குழு இஸ்ரோவுக்காக வடிவமைத்தது. நீளம் 10,230. இருந்தும் ஷிஃப்ட் ரெஜிஸ்டரிலேயே பிறக்கிறது, சேமிக்க வேண்டியதில்லை. இப்படிப்பட்டவை ராக்கெட் பட்ஜெட்டால் மட்டும் வந்துவிடுவதில்லை, "இதனால் என்ன பயன்?" என்று யாரும் நச்சரிக்காமல் பூஜ்ய-ஒன்று வரிசைகளோடு பல வருடம் மல்லுக்கட்ட விட்டால்தான் வரும். ஏவுதளத்தில் கைதட்டும் நாம், இப்படிப்பட்ட கணித ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்குவதில் மட்டும் கஞ்சத்தனம் காட்டுகிறோம்.

தேதி விஷயம் பாக்கியிருக்கிறது. அதுவும் பிட் சிக்கனத்தின் விளைவுதான். ஜிபிஎஸ் 1980 ஜனவரி 6 முதல் வாரங்களை எண்ணுகிறது. ஆனால் வார எண்ணுக்கு ஒதுக்கியது பத்தே பிட். 1,024 வாரம் ஆனதும் மறுபடி பூஜ்யம். 1999 ஆகஸ்டில் ஒருமுறை, 2019 ஏப்ரல் 6 நள்ளிரவில் இன்னொருமுறை அப்படி ஆனது. 2019இல் நியூயார்க் நகர நிர்வாகத்தின் கம்பியில்லா வலையமைப்பு இதனால் பல நாள் படுத்துவிட்டது. நம் அறுபது வருடச் சுற்றிலும் இதே சங்கடம் உண்டே! தாத்தா பிரபவ வருடத்தில் பிறந்தார் என்றால் 1927ஆ, 1987ஆ? ஆளைப் பார்த்தால் நமக்குத் தெரிந்துவிடும். பெட்டிக்கு அந்த வசதி இல்லை. அதனால் தயாரித்த காலத்தை வைத்து ஓர் ஊகத்தை மென்பொருளில் எழுதி வைத்திருப்பார்கள். வாசகரின் கருவியில் அந்த ஊகம் காலாவதியாகிவிட்டது.

ஆகவே, கரூர் நண்பரே, கருவியைத் தூக்கிப் போடாதீர்கள். மொட்டைமாடியில் திறந்த வானத்தின் கீழ் கால் மணி நேரம் வையுங்கள், பஞ்சாங்கத்தைப் புதிதாக எழுதிக்கொள்ளும். அடுத்த நாளும் முதலிலிருந்தே தேடினால், உள்ளே இருக்கும் குட்டி பேட்டரி போய்விட்டது என்று அர்த்தம். தேதியோடு மட்டும் 1,024 வாரத்தைக் கூட்டிப் படித்துக்கொள்ளுங்கள்.