சுவர் பூசும் முன்பே சாஃப்ட்னருக்கு இடம் ஒதுக்குங்கள்

புது வீடு கட்டுகிறவர்களில் பலர் டைல்ஸ் ஒட்டி, குழாயெல்லாம் மாட்டி முடித்த பிறகுதான் தண்ணீர் சுத்திகரிப்பு வேலை செய்யும் எங்களைப் போன்றவர்களைக் கூப்பிடுகிறார்கள். "தண்ணி ரொம்ப உப்பா இருக்கு, எந்த மெஷின் போடலாம்?" என்று கேட்பார்கள். மெஷினை எப்போது வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம். சுவருக்குள் புதைந்துபோன குழாயைப் பிறகு மாற்றுவதுதான் பெரும்பாடு. அதனால் கடினத் தண்ணீரை மென்னீராக்கும் இயந்திரமான சாஃப்ட்னரை எங்கே வைப்பது என்று கட்டிட வேலை நடக்கும்போதே யோசித்துவிடுங்கள்.

முதலில் தண்ணீரை அளக்க வேண்டும். பேனா மாதிரி இருக்கும் டிடிஎஸ் மீட்டரை முக்கிப் பார்த்துவிட்டு, "800 காட்டுது, கடினத் தண்ணிதான்" என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். அந்த மீட்டர் காட்டுவது கரைந்திருக்கும் எல்லா உப்புகளின் மொத்தத்தை. கடினத்தன்மை என்பது அதில் கால்சியமும் மக்னீசியமும் சேர்ந்த பங்கு மட்டும்தான். டிடிஎஸ் 800 இருக்கும் ஒரு கிணற்றில் கடினத்தன்மை 150 இருக்கலாம், இன்னொன்றில் 500 இருக்கலாம். முதல் கிணற்றில் இருப்பது பெரும்பாலும் சோடியம் உப்பு. அதற்கு சாஃப்ட்னர் வாங்கினால் வாயில் உப்புக் கரித்தது அப்படியே கரித்துக்கொண்டுதான் இருக்கும்.

கடினத்தன்மையை அளக்கச் சொட்டு முறைச் சோதனைப் பெட்டி கிடைக்கிறது. சின்ன புட்டியில் தண்ணீர் எடுத்து, கூடவே வரும் கரைசலையும் நிறங்காட்டியையும் சேர்த்தால் திராட்சைச் சிவப்பாக மாறும். பிறகு ஒவ்வொரு சொட்டாக விட்டுக் குலுக்கிக்கொண்டே வர வேண்டும். சிவப்பு ஊதாவாகி, தெளிந்த நீலமாகும் இடத்தில் நிறுத்திச் சொட்டுகளை எண்ணிக் கணக்குப் போட்டால் அளவு தெரிந்துவிடும். கால்சியம் கார்பனேட் கணக்கில் லிட்டருக்கு 60 மில்லிகிராம் வரை மென்னீர், 120 தாண்டினால் கடின நீர், 180க்கு மேல் மிகக் கடினம். 150 வரை இருக்கும் வீட்டுக்கு நான் சாஃப்ட்னரை வற்புறுத்துவதில்லை. கீசரை அவ்வப்போது சுத்தம் செய்தாலே சமாளிக்கலாம்.

மோட்டாரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்ட பிறகு மாதிரி எடுங்கள். அப்படியே ஆய்வகத்தில் இரும்பையும் பார்க்கச் சொல்லுங்கள். இறைக்கும்போது பளிங்கு மாதிரி இருந்து, வாளியில் ஒரு ராத்திரி வைத்தால் பழுப்பேறும் தண்ணீரில் இரும்பு இருக்க வாய்ப்பு அதிகம். லிட்டருக்கு 0.3 மில்லிகிராம் தாண்டினாலே துணியிலும் பீங்கானிலும் கறை பிடிக்கும். இரும்பை முன்னாலேயே தனி ஃபில்டரில் பிடிக்காவிட்டால் அது சாஃப்ட்னருக்குள் கடினத்தன்மையைப் பிடிக்கும் ரெசின் மணிகளில் படிந்து, மெல்ல மெல்ல அவற்றை வேலை செய்யாமல் ஆக்கிவிடும்.

வீடு முழுவதுக்கும் என்றால் என் சிபாரிசு ரெசின் சாஃப்ட்னர்தான். ரெசின் மணிகள் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடும். மணிகள் நிறைந்ததும் உப்புக் கரைசல் விட்டுக் கழுவினால் மறுபடி தயார். காந்தம், மின்னணுக் கருவி என்று குழாய்மேல் மாட்டுகிறவை கடினத்தன்மையைத் தண்ணீரிலிருந்து எடுப்பதில்லை. படிவு குறையும் என்கிறார்கள், ஆனால் பலன் ஒரே மாதிரி இருப்பதில்லை. கடினத்தன்மை அதிகமுள்ள வீட்டில் அதை நம்பி இருக்க நான் சொல்ல மாட்டேன்.

ஒரு செயல்விளக்கத்தைப் பற்றிக் கட்டாயம் எச்சரிக்க வேண்டும். இரண்டு டம்ளர் தண்ணீரில் மின்கம்பிகளை விடுவார்கள். உங்கள் வீட்டுத் தண்ணீர் சேறாகும், ஆர்.ஓ. தண்ணீர் தெளிவாகவே இருக்கும். அந்தச் சேறு பெரும்பாலும் கம்பியின் இரும்பு கரைந்து வருவது. உப்பு இருக்கும் தண்ணீரில் மின்சாரம் பாயும், ஆர்.ஓ. தண்ணீரில் அவ்வளவாகப் பாயாது, அவ்வளவுதான் விஷயம். இதைப் பார்த்துப் பயந்து எந்த இயந்திரத்துக்கும் முன்பணம் கொடுத்துவிடாதீர்கள்.

அளவு விஷயத்தில், "இது ஆயிரம் லிட்டர் மெஷின்" என்று சொன்னால் ஏற்காதீர்கள். எந்தக் கடினத்தன்மைக்கு ஆயிரம் லிட்டர் என்று கேளுங்கள். நாலு பேர் நாளைக்கு 600 லிட்டர் செலவழித்து, கடினத்தன்மை 500 என்றால், தினம் 300 கிராம் கடினத்தன்மையை நீக்க வேண்டும். ஒரு லிட்டர் ரெசின் ஒரு சுற்றில் சுமார் 50 கிராம் தாங்கும் என்று வைத்தால், 25 லிட்டர் ரெசினுக்கு நாலு நாளைக்கு ஒருமுறை கழுவல் வரும். அது நியாயமான கணக்கு. தினமும் கழுவும் சின்ன இயந்திரம் உப்பையும் தண்ணீரையும் தின்னும்.

பிளம்பரிடம் சொல்ல வேண்டியவையும் இருக்கின்றன. சாஃப்ட்னருக்கு அழுத்தம் வேண்டும். மேல்நிலைத் தொட்டியிலிருந்து தானாக இறங்கும் தண்ணீருக்குப் பெரும்பாலும் அது போதாது. தொட்டிக்கு ஏற்றும் குழாயிலோ பிரஷர் பம்ப்புக்குப் பிறகோ வைப்பது நல்லது. பழுது வந்தால் வீட்டுக்குத் தண்ணீர் நிற்காமல் இருக்க பைபாஸ் வால்வு, பக்கத்தில் மின் இணைப்பு, கழிவுநீர் வாய், இவை மூன்றும் இருக்க வேண்டும். தோட்டத்துக்கும் சமையலறையில் குடிநீருக்கும் சாஃப்ட்னருக்கு முன்பே தனிக் குழாய் பிரித்துவிடுங்கள். கழுவிய உப்புநீரைச் செடிக்கு விடவே கூடாது, மண்ணைக் கெடுக்கும். குடிப்பதற்கு ஏன் தனி என்றால், 100 மில்லிகிராம் கடினத்தன்மையை நீக்கும்போது லிட்டருக்குச் சுமார் 46 மில்லிகிராம் சோடியம் சேர்கிறது. ரத்த அழுத்தத்துக்காக உப்பைக் குறைக்கச் சொல்லியிருக்கும் வீட்டில் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

சாஃப்ட்னரின் கழுவலை இயக்கும் வால்வில் நாள் கணக்கில் கழுவுவதும் உண்டு, ஓடிய லிட்டரை எண்ணிக் கழுவுவதும் உண்டு. ஆட்கள் வந்து போகும் வீட்டுக்கு இரண்டாவதுதான் சரி. பொருத்துகிறவர் உங்கள் கடினத்தன்மை எண்ணை அதில் பதிவார். கோடையில் கிணறு இறங்கினால் அந்த எண் ஏறக்கூடும். அப்போது மறுபடி அளந்து, பதிவையும் மாற்றுங்கள். மாற்றாவிட்டால் கழுவல் வருவதற்கு முன்பே ரெசின் தீர்ந்து, கடைசி நாளிலெல்லாம் கடினத் தண்ணீரே குழாயில் வரும்.